எட்டு லட்சம் கையில் இருக்கிறது, பத்துச் சக்கர லாரி எடுக்கலாமா?

ராசிபுரத்தான்:
வணக்கம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எட்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபைனான்ஸ் போட்டு பத்துச் சக்கர வண்டி ஒன்று எடுத்து நேஷனல் பர்மிட்டில் (வெளி மாநிலங்களுக்கும் போகும் அனுமதி) விட ஆசை. புது சேஸ் (பாடி கட்டாத அடிச்சட்ட வண்டி) எடுப்பதா, நாலைந்து வருடம் ஓடிய வண்டியா? எனக்கு ஓட்டத் தெரியாது, டிரைவர்தான் போட வேண்டும். மாமா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

சங்ககிரி லாரிக்காரர்:
தம்பி, புதுசா பழசா என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்த லோடு ஏற்றப் போகிறீர்கள், திரும்பி வர என்ன லோடு? அதை முதலில் முடிவு பண்ணுங்கள். சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று போகிறது. இந்தூர் பக்கம் இறக்கினால் அங்கிருந்து சோயா புண்ணாக்கு கிடைக்கும், நம் நாமக்கல் கோழித் தீவனத்துக்கே வந்து சேரும். போகவர லோடு இருந்தால்தான் டியூ, அதாவது ஃபைனான்ஸ் தவணை கட்ட முடியும். காலியாக நிற்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ், டேக்ஸ், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சேலத்திலிருந்து இந்தூர் சுமார் 1,600 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று வைத்தாலே ஒரு பக்கத்துக்கு 400 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 36,000 ஆச்சு. டோல், டிரைவர் படி தனி. வாடகையில் அட்வான்ஸ்தான் முதலில் வரும். சரக்கை இறக்கி, கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வந்த பிறகுதான் பாக்கி. அதற்குள் அடுத்த லோடுக்கு டீசல் அடிக்கக் காசு வேண்டும். அதனால் எட்டு லட்சத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாத டியூவும் இரண்டு நடைச் செலவும் கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் தார்ப்பாய். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தீவன ஆலையில் இறக்கும்போது ஓரத்து மூட்டையைத்தான் முதலில் பிரிப்பார்கள். ஒரு பிடி அள்ளிக் கசக்கி முகர்ந்து பார்ப்பார்கள். ஈரம் தட்டினால் அந்த வரிசையையே வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வாடகையில் பிடித்துக்கொள்வார்கள்.

ஓவர்லோடு என்று யார் ஆசை காட்டினாலும் ஏற்றாதீர்கள். 2018-லேயே பத்துச் சக்கரத்துக்கு வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்திவிட்டார்கள். அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

ஆடிட்டர் ஆபீஸ், சேலம்:
வரி விஷயம் மட்டும் சொல்கிறேன். பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர் அனுமான வருமான முறையில் கணக்குக் காட்டலாம். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், அதாவது உங்கள் வண்டிக்கு மாதம் 28,500 வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க மாட்டார்கள். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். வழியில் வண்டி நின்றுவிட்டால், கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ளலாம். டிரைவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

ராசிபுரத்தான்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். அப்படியென்றால் பழைய வண்டியே பார்க்கட்டுமா? டிரைவரை எப்படித் தேடுவது?

சங்ககிரி லாரிக்காரர்:
முதல் வண்டி பழசாகவே இருக்கட்டும் தம்பி, டியூ பாரம் குறையும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), அதைத் தாண்டினால் வருடா வருடம். அதைக் கணக்கில் வைத்து வயதைப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதி) வண்டி என்றால் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்க், சென்சாரை எல்லாம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பட்டறையில் இருப்பவர் நீங்கள், சேஸில் ஒட்டு வைத்திருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

டிரைவரை உங்கள் பட்டறைக்கு வண்டி விடும் ஓனர்களிடமே கேளுங்கள். படியை இழுத்தடிக்காமல் கொடுங்கள், ராத்திரி தூங்க விடுங்கள். இந்தூருக்கு எத்தனை நாளில் போவாய் என்று விரட்டுகிற ஓனரிடம் நல்ல டிரைவர் நிற்க மாட்டார். முதல் நடைக்கு நீங்களும் கூடவே ஏறிப் போங்கள். எந்த பங்க், எந்த டோல், எங்கே எவ்வளவு நேரம் ஹால்ட்டிங் (வண்டி காத்து நிற்பது) என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மாமாவிடம் அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.