ஒரு உடம்பு, நாலு டாக்டர்: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை:

எங்கள் அத்தைக்கு 68 வயது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டுவலி, அப்புறம் கிட்னியும் கொஞ்சம். வீடு இருப்பது கேரளா, போக்குவரத்தெல்லாம் கோயம்புத்தூர். இருதயத்துக்குக் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், கிட்னிக்குப் பாலக்காடு, மூட்டுக்குப் பொள்ளாச்சி. மாதாந்திர மாத்திரை உள்ளூர் அரசு சுகாதார மையத்தில். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பங்கை நன்றாகத்தான் பார்க்கிறார்கள். மொத்தமாக அத்தையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கொஞ்ச காலமாக, காலையில் கட்டிலை விட்டு எழுந்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்துக்கொள்வார். வயசு என்றார்கள், ரத்தம் கம்மி என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். விஷயத்தைப் பிடித்தது மையத்து நர்ஸ். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு கொண்டுவரச் சொன்னார். பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தார். கோயம்புத்தூரில் எழுதிய மாத்திரையும் மையத்தில் கொடுத்த மாத்திரையும் ஒரே டெல்மிசார்ட்டன் என்ற பிரஷர் மருந்து. அட்டை வேறு, பெயர் வேறு. அத்தை இரண்டையும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார், பிரஷர் அளவுக்கு மீறி இறங்கித்தான் கண் இருட்டியிருக்கிறது.

அதே குவியலில் மூட்டுக்கு எழுதிய டைக்ளோஃபெனாக்கும் இருந்தது. பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, அதோடு இந்த வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது என்று மையத்து டாக்டர் விளக்கினார். கிட்னி ரிப்போர்ட் இருக்கிறதா என்று வலி மாத்திரை எழுதிய இடத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது பாலக்காட்டு ஃபைலில் அல்லவா இருந்தது! அரசு ஆஸ்பத்திரி விவரங்களைக் கணினியில் காட்டும் கேரளத்து இ-ஹெல்த் அட்டையை வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாடு முழுக்கப் பொதுவான மருத்துவ அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண்ணும் எடுத்து வைத்திருக்கிறோம், அதைக் கேட்ட டாக்டரை இன்னும் சந்திக்கவில்லை.

வண்டிப்பெரியார்:

தங்கச்சி, நானும் அந்தக் கூட்டம்தான். ரிட்டயர்டு எஸ்டேட் ஆள். வீசிங், சர்க்கரை, ஹார்ட் மூன்றும் உண்டு. மழைக்காலத்தில் இழுப்பு கூடினால் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அது மூச்சை விடுவிக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். ஒருமுறை 380-ஐத் தாண்டியது, அதற்காக இன்சுலினைக் கூட்டினார்கள். சரிதான். ஸ்டீராய்டு முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இன்சுலினைப் பழைய அளவுக்கு இறக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. மூச்சைப் பார்த்தவர் மூச்சு சரியானதும் கையெழுத்துப் போட்டார்.

சில நாளில் விடியற்காலை சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. கை நடுக்கமோ படபடப்போ இல்லாததால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று தோன்றவே இல்லை. வீட்டம்மா மீட்டரில் குத்திப் பார்த்தாள், 48. சர்க்கரை கரைத்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு தெளிந்தது. ஹார்ட்டுக்குச் சாப்பிடுகிற மெட்டோபிரலால் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடுமாம், வேர்வையை மட்டும் மறைக்காதாம். இதைப் பிறகு சொன்னவர் கம்பத்தில் ஒரு டாக்டர். ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மாத்திரை நிற்கும் நாளில் இன்சுலின் எவ்வளவு என்று எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

நகரி:

எங்கள் நாயனாவுக்கு (அப்பாவுக்கு) இருதயத்தில் மைட்ரல் வால்வு உலோகம். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின். ரத்தம் உறைவதை அளக்கும் ஐஎன்ஆர் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதோடு சர்க்கரையும் உண்டு. ஆபரேஷன் அரசுத் திட்டத்தில் இலவசமாக நடந்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த மாதிரித் திட்டமெல்லாம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான். ஆயுசு முழுக்க வரும் ஓபி, ரத்தப் பரிசோதனை, வேலூர் பஸ் செலவெல்லாம் நம் கைக்காசு.

பல் வீங்கியதற்குப் பக்கத்துக் கிளினிக்கில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதினார்கள். 'வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?' என்று கேட்கத்தான் செய்தார்கள். 'ஹார்ட் மாத்திரை' என்று இவர் சொல்ல, அத்தோடு பேச்சு முடிந்தது. ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. அந்த மாத்திரை வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிட்டது, ஐஎன்ஆர் 7. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைக்கு ஹார்ட் மாத்திரை என்று பெயர் வைத்தது யார் என்று எனக்கு இன்னும் கோபம். இப்போது 'வார்ஃபரின்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய சீட்டை நாயனாவின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

பாறசாலை, மருந்துக் கடை:

கடையில் நிற்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போடுகிறவர்கள் ஏராளம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. அப்புறம் தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்ஹெச் ஏறும், டோஸைக் கூட்டுவார்கள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த வீட்டு ஆட்களே திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு அந்தச் சீட்டோடு என்னிடம் வருகிறார்கள். 'ஏற்கெனவே என்ன சாப்பிடுறீங்க?' என்று கேட்டால் 'வெள்ளை மாத்திரை' என்கிறார்கள். என் கடையில் முக்கால்வாசி வெள்ளை மாத்திரைதான்.

நகரி:

கொழிஞ்சாம்பாறை அக்கா, மொத்தத்தையும் பார்க்க ஒரு டாக்டர் கடைசியில் கிடைத்தாரா?

கொழிஞ்சாம்பாறை:

கிடைத்தார், அந்த மையத்து டாக்டரேதான். வெறும் எம்பிபிஎஸ், சின்ன வயசு. ஸ்பெஷலிஸ்ட் மூவரிடமும் காட்டும்படி முழுப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். நாங்கள் போகிற இடமெல்லாம் அதை முதலில் நீட்டுகிறோம். ஒருவர் எரிச்சல்பட்டார், 'நான் ஹார்ட் மட்டும்தான் பார்ப்பேன்' என்று. கிட்னிக்காரர் மட்டும் உட்கார்ந்து படித்து, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போய்விட்டது என்று சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நிறுத்தினார். மையத்துப் புத்தகத்திலும் அன்றைக்கே அடித்துவிட்டோம், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் அது பையில் வந்திருக்கும்.

இப்போது தலைசுற்றல் இல்லை. மூட்டுவலி அப்படியே இருக்கிறது, பாராசிட்டமாலில் ஓட்டுகிறோம். மாத்திரை குறைந்துபோனதில் அத்தைக்குத்தான் மனக்குறை, பழைய டாக்டர்கள் கை நிறையக் கொடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.