ஒரே தேதியில் எதிர்ப்பட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

நாட்பலகை எழுதுபவர்

பள்ளி வாசலில் உள்ள கரும்பலகையில் ‘இந்த நாளில்’ என்று தலைப்பிட்டு ஐந்தாறு வரிகள் எழுதும் வேலையைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். விடுமுறை, பிறந்தநாள், நினைவுநாள், போர், ஒப்பந்தம் என்று அந்தத் தேதியில் எது கிடைத்தாலும் எழுதிவிடுவது தொடக்கத்தில் என் வழக்கமாக இருந்தது. ஒரு ஜூலை 4 அன்று அமெரிக்க விடுதலை நாள் என்று எழுதினேன். அதன் கீழே, அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும் மூன்றாமவர் தாமஸ் ஜெபர்சனும் 1826ஆம் ஆண்டு அதே தேதியில் இறந்ததையும், ஐந்தாமவர் ஜேம்ஸ் மன்றோ 1831இல் அதே தேதியில் இறந்ததையும், விவேகானந்தர் (1902), மேரி கியூரி (1934) ஆகியோரின் மறைவையும் சேர்த்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நின்று முழுவதையும் படித்துவிட்டு, “இத்தனை பேரும் இந்தத் தேதியில்தான் சாக வேண்டும் என்று யார் சார் முடிவு செய்தது?” என்று கேட்டாள்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, அவள் கேள்வி நான் நினைத்த அளவுக்கு விளையாட்டானது அல்ல என்று தெரிந்தது. 1826 ஜூலை 4 விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள். 83 வயதான ஜெபர்சன் நினைவு தப்பித் தப்பி மீண்ட கடைசி மணிநேரங்களில், நான்காம் தேதி வந்துவிட்டதா என்று கேட்டதாகப் படுக்கையருகே இருந்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். 90 வயதான ஆடம்ஸ், ஜெபர்சன் இறந்த செய்தியை அறியாமலேயே, சில மணிநேரம் கழித்து அதே நாளில் இறந்தார். அந்த நாளைப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இருவரையும் அதுவரை இழுத்து வந்திருக்கலாம் என்று நினைக்க இடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து இறந்த மன்றோவுக்கு அப்படிச் சொல்வது சற்று மிகையாகவே படுகிறது. மற்ற இருவரின் மறைவுக்கும் அமெரிக்க விடுதலைக்கும் தொடர்பே இல்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. அமெரிக்கப் பேரவை விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2 அன்று. நான்காம் தேதி பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் அதில் கையெழுத்திட்டதோ ஆகஸ்ட் 2 அன்று. வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2ஐத்தான் பெருவிழாவாகக் கொண்டாடும் என்று ஜூலை 3 அன்று ஆடம்ஸே தம் மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூவரின் மரணமும் ஒன்றுசேர்ந்ததாக வியந்து எழுதிய அந்தத் தேதியே, மூன்று தேதிகளில் ஒன்றாக நின்று பிறகு நிலைத்துப்போனதுதான். இப்படி ஒரே தேதியில் பல எதிர்ப்பட்டு, நின்று யோசிக்கவைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்

எனக்கு உண்டு, அது தலைகுனிவோடு சேர்ந்தது. நான் பணிபுரிந்த இதழ் ஒன்றில் ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளுக்கான கட்டுரை என் மேசைக்கு வந்தது. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 என்னும் ஒரே நாளில் உயிர் துறந்தார்கள், இலக்கிய வானில் இரு சூரியன்கள் ஒருசேர அஸ்தமித்தன என்ற ரீதியில் அதன் முதல் பத்தி இருந்தது. ‘அஸ்தமித்தன’ என்பதை ‘மறைந்தன’ என்று மாற்றிவிட்டு, தேதியைத் தொடாமல் அனுப்பினேன். பத்து நாளில் வாசகர் ஒருவரிடமிருந்து, கோபமில்லாத, ஆனால் ஒவ்வொரு வரியும் சுடுகிற கடிதம் வந்தது.

அவர் எழுதியது முற்றிலும் சரி. ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. 1616இல் இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினின் சுவரில் நாட்காட்டி தொங்கியிருந்தால் அது மே 3 என்று காட்டியிருக்கும். போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் செய்யப்பட்டது 23 என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படுவது. ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளும் ஏப்ரல் 23 என்று சொல்லப்படுவதற்கும் நேரடிச் சான்று இல்லை; 1564 ஏப்ரல் 26 அன்று அவருக்குத் திருமுழுக்கு நடந்த பதிவுதான் இருக்கிறது, அதிலிருந்து பின்னோக்கிக் கணித்த தேதி அது. யுனெஸ்கோ 1995இல் இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை, அது ஓர் அடையாளத் தேர்வு. தவறு, அடையாளத்தை நிகழ்வாக அச்சேற்றிய எங்களுடையது.

அதன்பிறகு 1582க்கும் 1752க்கும் இடைப்பட்ட எந்தத் தேதியைக் கண்டாலும் எந்த நாட்டுத் தேதி என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று எத்தனை கட்டுரைகளில் வந்திருக்கிறது! கலிலியோ 1642 ஜனவரி 8 அன்று இறந்தது கிரிகோரியன் கணக்கு. நியூட்டன் 1642 டிசம்பர் 25 அன்று பிறந்தது இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு. இருவரையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4 ஆகிவிடுகிறது. கிறிஸ்துமஸ் பிறந்தநாளும் போய்விடுகிறது, கலிலியோவின் ஆண்டும் போய்விடுகிறது. நான் கண்டவற்றில் மிக விசித்திரமானது ஸ்பெயின் நாட்டுத் துறவி, அவிலாவின் தெரேசாவினுடையது. 1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று நாட்காட்டி தாண்டிய அதே இரவில் அவர் இறந்தார். அவருடைய திருநாள் இன்று அக்டோபர் 15 அன்று கொண்டாடப்படுகிறது; அது அப்துல் கலாம் பிறந்த தேதியும்கூட. அந்த இரவில் பத்து நாள் விழுங்கப்பட்டிராவிட்டால் இந்த இரு பெயர்களும் ஒரே நாட்குறிப்பில் வந்திருக்குமா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

நான்காண்டுக்கு ஒருமுறை

நான் 1976 பிப்ரவரி 29 அன்று பிறந்தேன். நிகழ்நிலை விண்ணப்பம் ஒன்று இந்தத் தேதியை ஏற்க மறுத்து, ‘சரியான தேதியை இடவும்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, கடைசியில் அலுவலகத்துக்கு நேரில் சென்று நான் பிறந்தது உண்மைதான் என்று விளக்க வேண்டியிருந்தது. பிழைதிருத்துநர் ஐயா சொன்ன நாட்காட்டி விவகாரம் எங்களுக்கு வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒன்று.

என்னோடு இந்தத் தேதியைப் பகிர்ந்துகொண்டவர்களைத் தேடியபோது மொரார்ஜி தேசாய் (1896) கிடைத்தார், ருக்மிணி தேவி அருண்டேல் (1904) கிடைத்தார். இடையில் எட்டு ஆண்டுகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவே 1900 இருக்குமே என்று எண்ணினேன். நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் நெட்டாண்டு என்பது கிரிகோரியன் விதி. 2000 தப்பியது, 1900 தப்பவில்லை. ஆகவே மொரார்ஜி பிறந்த பிறகு கிரிகோரியன் நாட்காட்டியில் முதன்முதலாக வந்த பிப்ரவரி 29, அவருடைய எட்டு வயது நிறைந்த நாள். அதே நாளில்தான் ருக்மிணி தேவி பிறந்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து 1977இல் பிரதமரானபோது, குடியரசுத் தலைவர் பதவிக்கு ருக்மிணி தேவியை அணுகினார். அவர் ஏற்க மறுத்துவிட்டார். இதில் எந்த விதியின் கையும் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனாலும், அப்போது இருவரில் ஒருவருக்காவது தங்கள் தேதி நினைவுக்கு வந்திருக்குமா என்பதை அறிய எனக்கு ஆசை.

கணிதம் கற்பிப்பவர்

வியப்பைக் குறைக்க வந்தவன் என்று என்னை நினைக்க வேண்டாம். எதற்கு வியப்பது என்று பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பில், இங்கே ஒரே பிறந்தநாள் உடைய இருவர் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கணக்கெடுப்பேன். 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், 30 பேருக்குச் சுமார் 70 விழுக்காடு. மாணவர்கள் நம்ப மறுப்பதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தம் பிறந்தநாளோடு பிறருடையதை மட்டுமே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். 23 பேருக்குள் 253 இணைகள் உள்ளன. உங்கள் குறிப்பிட்ட தேதியிலேயே இன்னொருவர் கிடைக்க வேண்டுமானால், பாதி வாய்ப்புக்கே வேறு 253 பேர் தேவைப்படுவார்கள். புகழ்பெற்றவர்கள் பல்லாயிரம், தேதிகளோ 366. ஆகவே எந்தத் தேதியைத் தட்டினாலும் கூட்டமாகத்தான் இருக்கும்.

கலிலியோ இறந்து சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1942 ஜனவரி 8 அன்று ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். அதை அவரே எழுதிவிட்டு, அன்று இன்னும் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் இறந்த 2018 மார்ச் 14, ஐன்ஸ்டீன் பிறந்த தேதி (1879), கார்ல் மார்க்ஸ் இறந்த தேதி (1883), கணிதத்தின் பை (π, சுமார் 3.14) என்னும் எண்ணைக் கொண்டாடும் பை நாளும் அதுவே. மாதத்தை முதலில் எழுதினால்தான் அந்தத் தேதி 3.14 போலத் தோன்றும். நாளை முதலில் எழுதுவோருக்கு 22/7 என்று ஜூலை 22 பொருந்தும். என்னை உண்மையாகவே நிற்கவைத்த ஒன்று 1809 பிப்ரவரி 12: டார்வினும் லிங்கனும் பிறந்தது ஒரே தேதியில் மட்டுமல்ல, ஒரே நாளில்.

மொழிபெயர்ப்பாளர்

கணித ஆசிரியருக்கு ஒரு மறுப்பு. எல்லாமே தற்செயல் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கொரியர் ஒருவருடனும் ஜப்பானியர் ஒருவருடனும் ஒரே குழுவில் பணியாற்றினேன். ஆகஸ்ட் மாத அட்டவணை போடும்போது கொரியர் “பதினைந்து எங்கள் விடுதலை நாள், எனக்கு விடுப்பு வேண்டும்” என்றார். “எங்களுக்கும் அன்றுதான் விடுதலை நாள், என்ன ஒற்றுமை!” என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். ஜப்பானியர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்று நண்பகலில் தங்கள் நாட்டில் போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள் என்று மெல்லச் சொன்னார். அறை அமைதியானது.

மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை அன்றிரவுதான் படித்தறிந்தேன். 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஜப்பானியப் பேரரசர் சரணடைவதை வானொலியில் அறிவித்தார். கொரியா மீதான ஜப்பானிய ஆட்சி அத்தோடு முடிந்தது. அப்போது தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் மவுண்ட்பேட்டன். இந்தியாவுக்கு ஆட்சியை மாற்றித் தரும் நாளைக் குறிக்க நேர்ந்தபோது, அந்தச் சரணடைவின் இரண்டாம் ஆண்டு நாளையே அவர் தேர்ந்தார். நான் ஒற்றுமை என்று மகிழ்ந்தது, ஒருவர் தம் வெற்றியின் நினைவில் வைத்த தேதி. தம் 75ஆவது பிறந்தநாளும் அன்றே அமைந்த அரவிந்தரோ, திருச்சி வானொலிக்காக அளித்த செய்தியில் அதைத் தற்செயலாகக் கொள்ளவில்லை என்றார். அந்த அறையில் நான் மூவரில் ஒருவனாக உட்கார்ந்திருந்திராவிட்டால் நானும் அவர் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டோக்கியோவில் 15 நண்பகல் என்றால் வாஷிங்டனில் இன்னும் 14 இரவு. ஐரோப்பாவில் போர் முடிந்த நாளை மேற்கு நாடுகள் மே 8 என்றும் ரஷ்யா மே 9 என்றும் கொண்டாடுவதற்கும் கடிகார வேறுபாடு ஒரு காரணம். ஒரே நிகழ்வு இரண்டு தேதிகளாகப் பிரிவதும் உண்டு.

நாட்பலகை எழுதுபவர்

மேலே எழுதிய அனைவருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பாளர் சொன்னதைப் படித்துவிட்டு என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். நவம்பர் 7இல் மேரி கியூரி (1867), சி. வி. ராமன் (1888) இருவரின் பிறந்தநாளும், அவற்றின் கீழே ‘ரஷ்ய அக்டோபர் புரட்சி (1917)’ என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அக்டோபர் புரட்சி ஏன் நவம்பரில் வருகிறது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவர்கூடக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ரஷ்யாவில் அன்று பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 25.

இந்த ஆண்டு ஜூலை 2 அன்றே பலகையில் ‘அமெரிக்கப் பேரவை விடுதலைக்கு வாக்களித்த நாள்’ என்று எழுதினேன். தேதியைத் தவறாக எழுதிவிட்டதாக உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் துணியை எடுத்துக்கொண்டு அழிக்க வந்தார். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் அந்த மாணவி அருகில் நின்றிருந்தாள். அவரைத் தடுத்து, ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவள் அவள்தான்.