கேட்டது ஒன்று, மனதில் இருந்தது வேறு: கேக் ஆர்டர் அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

கேக் ஆர்டர் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இது நடந்திருக்கும். வாடிக்கையாளர் பேசுவது புரியும், ஆனால் அவருக்கு வேண்டியது என்னவென்று பிடிபடாது. உங்களுக்கு வந்ததைச் சொல்லுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

சமீபத்தில் வயதான ஒரு அம்மா போன் செய்தார். ஐம்பதாவது கல்யாண நாள். "கேக் வெள்ளையா இருக்கணும்மா. க்ரீம் வேண்டாம். அந்தக் காலத்துல வருமே, அது." க்ரீம் இல்லாமல் வெள்ளை என்றால், சர்க்கரை மாவை விரித்துப் போர்த்தும் ஃபாண்டன்ட்தானே நினைவுக்கு வரும்? படம் அனுப்பினேன். "இது பலூன் மாதிரி வழவழன்னு இருக்கே, இது இல்ல" என்றார். வெள்ளை சாக்லேட் பூசியது அனுப்பினேன், அதுவும் இல்லை. தேங்காய்த்துருவல் தூவியது, அதுவும் இல்லை. பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி செய்ங்க, விடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த "விடுங்க" வந்தால் நான் விடமாட்டேன். படம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, "அந்த கேக்கை எங்கே பாத்தீங்கம்மா?" என்று கேட்டேன். குரலே மாறிவிட்டது. பாளையங்கோட்டையில் அவருடைய கல்யாணமாம். கத்தியை வைத்து அழுத்தியும் இறங்கவில்லையாம், மாமனார் வந்து கத்திமேல் ஒரு தட்டு தட்டினாராம், மேல் ஓடு டப்பென்று விரிந்ததாம். அதில் ஒட்டியிருந்த வெள்ளி உருண்டைகளுக்குக் குழந்தைகள் அடித்துக்கொண்டார்களாம். ராயல் ஐசிங்! முட்டை வெள்ளையும் ஐசிங் சுகரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்துப் பூசுவது. காயக் காய இறுகி ஓடாகிவிடும்.

இப்போது இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் செய்ய முடியாதது இல்லை. உள்ளே பழ கேக். அதன் ஈரமும் நிறமும் வெள்ளையில் ஊறாமல் இருக்க நடுவில் முந்திரி மார்சிபான் (முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவு) ஒரு சுற்று. பச்சை முட்டை வெள்ளைக்குப் பதில் மெரிங் பவுடர், அதாவது முட்டை வெள்ளையை உலர்த்திச் செய்த பொடி. ஃப்ரிட்ஜில் வைத்தால் பிசுபிசுத்துவிடும் என்பதால் வெளியிலேயே காய வைத்தேன். ஐசிங் கலக்கும்போது கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் கத்தி சுலபமாக இறங்கும், வழக்கமாக அப்படித்தான் செய்வோம். கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். "வேண்டாம்மா, அது உடையணும்" என்றார். நான் கேட்காமல் கிளிசரின் ஊற்றியிருந்தால் அவர் கேட்ட கேக் அது இல்லை.

அதிலிருந்து நான் "என்ன டிசைன் வேணும்?" என்று பேச்சைத் தொடங்குவதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அவர் ஏன் தடுமாறுகிறார்? யாருக்கு, எங்கே வைத்து வெட்டுகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன். இதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

உதாரணமாக, "சிம்பிளா, ஆனா கிராண்டா இருக்கணும்" என்பது. இதைக் கேட்டு எரிச்சல்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதில் தெளிவான ஒரு அர்த்தம் இருக்கிறது. ஒரு வளைகாப்புக்கு இப்படிக் கேட்டார்கள், ஒரு கிலோ போதும் என்றார்கள், அனுப்பிய படமோ இரண்டு அடுக்கு. அந்த உயரத்துக்கு இரண்டரை, மூன்று கிலோவாவது ஆகும். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டால், மண்டப மேடையில். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவேண்டும், போட்டோவில் விழவேண்டும், ஆனால் சாப்பாடு பந்தியில் இருப்பதால் கேக் சாப்பிடப்போவது வீட்டு ஆட்கள் பத்துப் பேர்தான். கீழ் அடுக்கைத் தெர்மாகோலில் செய்து, மேலே ஒரு கிலோ நிஜ கேக் வைத்து, சுற்றிலும் சர்க்கரையில் செய்த வளையல்கள் அடுக்கினேன். சிம்பிள் என்றது பட்ஜெட், கிராண்ட் என்றது மேடை.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் நிறத்தைப் புடவையில்தான் சொல்வார்கள், ராமர் பச்சை, மயில் கழுத்து, அரக்கு, எம்.எஸ். ப்ளூ என்று. எனக்கு அது பிடிக்கும், வெறும் "பச்சை" என்பதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் புடவையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள், ட்யூப் லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோல இருக்கும். கலந்த உடனே நிறம் வரவில்லை என்று கலரை ஊற்றவும் வேண்டாம். பட்டர்க்ரீமில் சிவப்பும் கறுப்பும் ராத்திரி முழுக்க வைத்தால் தானாகவே அடர்ந்துவிடும்.

திருச்சியிலிருந்து:

அக்கா, எங்களுக்கு டிசைனைவிட தேதிதான் தலைவலி. "14-ஆம் தேதி ராத்திரி 12 மணிக்கு வெட்டணும்" என்பார்கள். அது 13-ஆம் தேதி இரவா, 14-ஆம் தேதி இரவா? இப்போதெல்லாம் "எந்தக் கிழமை சாயங்காலம் கேக் உங்க கையில இருக்கணும்?" என்று ஒரே கேள்வி. கிழமை சொன்னால் குழப்பமே இல்லை.

வயதும் அப்படித்தான். ஒரு பாட்டி பேரனுக்கு "ஆறு வயசு கேக்" கேட்டார், 6 என்று நம்பர் வைக்கச் சொன்னார். எந்த வருஷம் பிறந்தான் என்று விசாரித்தால், அஞ்சு முடிந்து ஆறு நடக்கப்போகிறது. பையன் பள்ளியில் எல்லோரிடமும் அஞ்சாவது பிறந்தநாள் என்று சொல்லி வைத்திருப்பான் இல்லையா? பையனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு 5 வைத்தேன். பாட்டிக்கு வருத்தம் இல்லை. அவர் கோயில் அர்ச்சனையை நட்சத்திரப்படி வேறொரு நாளில் வைத்திருந்தார், அதற்கும் ஒரு சின்ன கேக் ஆர்டர் கொடுத்தார்.

கோவையிலிருந்து:

"இனிப்பு கம்மியா போடுங்க" என்று வருவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் நான்-டெய்ரி விப்பிங் க்ரீம் பாக்கெட்டிலேயே சர்க்கரையோடுதான் வருகிறது. அதில் நாம் குறைக்க ஒன்றுமில்லை. ஸ்பாஞ்சில் சர்க்கரையைப் பாதியாக்கினால் கேக் வறண்டுவிடும், ஈரத்தைப் பிடித்து வைப்பதே சர்க்கரைதான். அதனால் "சரிங்க, கம்மியா போடறேன்" என்று சொல்லிவிட்டு வழக்கமான கேக்கையே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் கேட்பது, "யாருக்காகங்க கம்மி?" ஒருவர் சொன்னார், திகட்டுதுங்க, அதான். அவருக்கு டார்க் சாக்லேட் கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்த பூச்சு) போட்டு, ஸ்பாஞ்சில் காபி டிகாக்‌ஷன் நனைத்துக் கொடுத்தேன், ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொருவர் அப்பாவுக்குச் சுகர் என்றார். அங்கே சர்க்கரை மட்டும் பிரச்சினை இல்லை, மைதாவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். "சுகர் ஃப்ரீ" என்று ஒரு பெயர் வைத்து நான் விற்கமாட்டேன். அதை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு, அப்பா வெட்டுவதற்குத் தர்பூசணியைக் கேக் வடிவில் செதுக்கி, பழங்கள் அடுக்கித் தந்தேன். குழந்தைகளுக்குத் தனியாக அரை கிலோ பட்டர்ஸ்காட்ச்.

சென்னையிலிருந்து:

எக்லெஸ் என்றால் முட்டையோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சௌகார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் எக்லெஸ் கேட்டது, மேலே மார்ஷ்மெல்லோ வைத்த படம் அனுப்பியது. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. சொன்னதும் அந்த வீட்டு மருமகள் ஒரு நிமிடம் பேசவே இல்லை. படத்தை மாற்றிக்கொண்டோம். அன்றுமுதல் எக்லெஸ் என்று யார் கேட்டாலும், முட்டை மட்டும் வேண்டாமா, சுத்த சைவமா என்று கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து:

நான் தமிழ்நாட்டுக்காரி, இங்கே என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தவர். ஒரு அன்ரி "பிள்ளை, கலியாணத்துக்கு ஸ்ட்ரக்சர் கேக் ஒண்டு வேணும், 400 பேர்" என்றார். 400 பேருக்கு எத்தனை அடுக்கு என்று கணக்குப் போடத் தொடங்கினேன். அப்புறம், "அன்ரி, ஆக்களுக்கு கேக் எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேட்டேன். "பெட்டியில போட்டுத்தான் பிள்ளை" என்றார். ஸ்ட்ரக்சர் என்று மேடையில் நிற்பது அலங்காரம், வெட்டுவதற்கு மட்டும் ஒரு பகுதி நிஜம். விருந்தினருக்குப் போவது ரிச் கேக். ரவை, முந்திரி, பூசணித் தோசி (சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணித் துண்டுகள்), திராட்சை எல்லாம் போட்டது. சின்னத் துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, ஆளுக்கு ஒரு பெட்டி. அது ஊற ஊறத்தான் ருசி என்பதால் சில வாரங்கள் முன்பே செய்யவேண்டும். அந்த ஒரு கேள்வியில் என் வேலைத் திட்டம் முழுக்க மாறிவிட்டது. பிராந்தி சேர்க்கலாமா என்றும் கேட்டுக்கொண்டேன், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் கொஞ்சம் என்றார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. ரோஸ் வாட்டர் போதும் என்று பேசி முடித்தோம்.

மதுரையிலிருந்து:

பிராந்தி விஷயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி. நான் சொல்ல மறந்த ஒன்று, பெயர். வாய்ஸ் மெசேஜில் வந்த பெயரைக் கேக்கில் எழுதாதீர்கள். ழகர ளகரம் ஒரு பக்கம், நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு எழுத்து சேர்த்திருப்பார்கள், அது ஒரு பக்கம். அவர்களையே டைப் செய்து அனுப்பச் சொல்லி, அதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். "ஓகே" வந்த பிறகு பைப்பிங் பேகைக் கையில் எடுங்கள்.