பசை அட்டையில் ஒட்டிய பல்லிக்கு எண்ணெய் ஊற்றலாமா?

ஜெலுத்தோங்வாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதினார்: “எலிப்பசை அட்டையில் பல்லி ஒட்டினால் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றி இழுங்கள், வந்துவிடும்.” படிக்கவே கோபம் வருகிறது. ஊற்றினால் மூக்கில் இறங்கும். முதலில் சுற்றியுள்ள பசை மேல் மாவு தூவுங்கள், இல்லாவிட்டால் விடுபட்ட கால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பிறகு பஞ்சுக் குச்சியை எண்ணெயில் நனைத்து, தோலும் பசையும் சேரும் விளிம்பில் மட்டும் தடவுங்கள். சில நிமிடம் பொறுத்து, குச்சியை உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். இழுக்கவே கூடாது.

கெப்போங்கார்:
எழுதியது நான்தான், பேரைச் சொல்ல என்ன பயம்? உடம்பு முழுக்க ஒட்டிக் கிடக்கும்போது குச்சி வைத்துத் தடவிக்கொண்டிருந்தால் வெயிலிலேயே செத்துப்போகும். ஒரு கரண்டிதான் சரி.

ஜெலுத்தோங்வாசி:
அட்டையை நிழலுக்குத் தூக்கிப் போகலாமே! பல்லி பசையால் சுவரில் நிற்பதில்லை. விரலடித் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒரு கரண்டி எண்ணெய் அதில் ஊறினால் பிடி போச்சு. தோலுரிக்கும்வரை சரியாக ஏறாது, கீழே கிடந்து பூனைக்கு இரையாகும். அதனால் பல்லி விடுபட்டதும் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரே ஒரு துளி விட்டு, மெல்லத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மலர்:
எந்தப் பல்லி என்று யாருமே கேட்கவில்லை. நம் வீடுகளில் கெஹைரா முட்டிலாட்டா என்ற வகைப் பல்லியும் உண்டு. விரலில் பிடித்தாலே அதன் தோல் கிழிந்து வந்துவிடும்.

கெப்போங்கார்:
சிச்சாக் (மலாயில் பல்லி) என்றால் சிச்சாக், தங்கச்சி. வால் போனால் முளைக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் மலர்:
கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான் அண்ணே. அது போனால் பட்டினி நாளைத் தாங்காது.

சுங்கை நிபோங் 7:
விளக்கடியில் அட்டை வைப்பதுதான் மூலக் காரணம். ஈசல் ஒட்டும், அதைத் தின்னப் பல்லி வரும். எலிக்குக் கூண்டு வையுங்கள். லோங்காங்கில், அதாவது சாக்கடையில், வரும் உடும்பும் எலி தின்னும், ஆனால் விஷம் தின்ற எலியைத் தின்றால் அதற்கும் ஆபத்து.

ஜெலுத்தோங்வாசி:
அது மலாயில் பியாவாக், தமிழில் நீர் உடும்பு, அறிவியல் பெயர் வாரனஸ் சால்வட்டர். தமிழ்நாட்டில் வெறும் உடும்பு என்பது வாரனஸ் பெங்காலென்சிஸ். போன மாதமே சொன்னேன், காதில் வாங்கவில்லை.

சுங்கை நிபோங் 7:
போன மாதமும் நீங்கள் மட்டும்தான் பேசினீர்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாருக்கும் அது உடும்புதான்.

கெப்போங்கார்:
அதே சண்டைக்காரர்தானே இங்கேயும்! ஒரு கரண்டி ஊற்றினால் பசை இளகுமா, இளகாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்வாசி:
இளகும். பல்லியும் மூச்சுத் திணறும். குச்சி, விளிம்பு, சில நிமிடம். நாளை யார் கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.

கெப்போங்கார்:
நானும் கரண்டி என்றுதான் எழுதுவேன்.