பாட்டுக்கு வாடகை வீடா, சொந்த வீடா?

கேசட்காரன்: நான்கு வருடமாக ஒரு செயலியில் சேர்த்த பட்டியல், 600 பாட்டுக்கு மேல். போன மாதம் பார்த்தால் நாற்பதுக்கு மேல் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. தொட்டால் ‘இந்தப் பாடல் இப்போது இல்லை’ என்கிறது. சந்தா மட்டும் தவறாமல் கழிகிறது. இனி பழையபடி ஹார்ட் டிஸ்க்தான். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஜன்னல்சீட்: அண்ணே, உங்களுக்கு நாற்பதுதான் போச்சு. என் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் டிக் டிக் என்று சத்தம் போட்டது, அதோடு 3,000 பாட்டும் போச்சு. இப்போது போனே தொலைந்தாலும் கவலையில்லை, புதுப் போனில் கடவுச்சொல் போட்டால் எல்லாம் வந்துவிடும்.

கேசட்காரன்: ஒரே பிரதி வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். 320 கேபிபிஎஸ் என்ற உயர்ந்த தரத்து எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்பி. உங்கள் 3,000 பாட்டும் 36 ஜிபிக்குள் அடங்கும். 64 ஜிபி மெமரி கார்டு இரண்டு வாங்கி, ஒன்றை பீரோவில் போட்டிருக்கலாம்.

நியாயஸ்தன்: ஒரு கேள்வி, கோபிக்க வேண்டாம். அவை காசு கொடுத்து வாங்கியவையா? என் பழைய ஃபோல்டரைத் திறந்தால், பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ டவுன்லோடு தளத்தின் முகவரி இருக்கிறது. சேகரிப்பு என்று நாம் பீற்றிக்கொள்வதில் முக்கால்வாசி திருட்டு.

கேசட்காரன்: கல்லூரிக் காலத்தில் இறக்கியவை அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சிடி இருநூறு இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்தாக ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றி வருகிறேன்.

ஜன்னல்சீட்: செயலியிலேயே டவுன்லோடு வசதி இருக்கிறதே. ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவு. பாதி தூரம் சிக்னல் இல்லை. பாட்டு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

ரேடியோபெட்டி: அது பூட்டுப் போட்ட கோப்பு தம்பி, சாவி அவர்களிடம். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். சந்தாவை நிறுத்தினால் அதுவும் போச்சு. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து காணாமல் போயின. உரிம ஒப்பந்தம் படியவில்லை. கேட்கிறவனை யார் கேட்டார்கள்? 2020-ல் கூகுள் ப்ளே மியூசிக்கையே மூடிவிட்டார்கள்.

ஜன்னல்சீட்: அதில் இருந்ததை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்களே! அப்புறம் என்ன? தினம் ஒரு புதுப்பாட்டு கேட்கிறவனுக்கு பீரோ சரிப்படாது.

கேசட்காரன்: புதுப்பாட்டுக்குச் சரி. பழசுக்கு? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். அதனால் படத்தில் நீளமாக வரும் பாட்டைத் தட்டுக்காக இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள், இல்லையென்றால் வெட்டுவார்கள். செயலியில் தேடினால் எனக்குக் கிடைப்பது அந்த வெட்டுப்பட்ட வடிவம்தான். என் அப்பா ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக்கொடுத்து, 90 நிமிட டேப்பில் பதிந்து வாங்கி வந்த பாட்டு ஒன்று இருக்கிறது. படத்திலிருந்து எடுத்தது, மூன்றாவது சரணத்தோடு. டேப்பைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன், கொஞ்சம் இரைச்சலோடு.

நியாயஸ்தன்: மூன்றாவது சரணமா? எந்தப் பாட்டு சார்? எனக்கு அனுப்ப முடியுமா?

கேசட்காரன்: திருட்டு என்றீர்களே?

நியாயஸ்தன்: முழுப்பாட்டு வேண்டாம். சரணம் மட்டும்தான் கேட்டேன்.