ஃப்ரெட்லெஸ் பேஸில் ஒரே ஒரு சுரம் மட்டும் நிற்பதில்லை

என் ஃப்ரெட்லெஸ் பேஸில் (விரல்பலகையில் ஃப்ரெட் எனும் உலோகக் கம்பிகள் இல்லாத பேஸ் கிட்டாரில்) ஜி தந்தியின் சி ஷார்ப், அதாவது ஆறாவது ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடம், மீட்டிய ஒரு விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. மற்ற சுரங்கள் நீளமாகப் பாடுகின்றன. வழுக்கிக்கொண்டே மேலேறும்போது குரல் போலக் குழையும் அந்த ஒலிக்காகவே இதை வாங்கினேன். சரியாக அந்த வழியில்தான் இந்த அடங்கும் இடம்.

1960களின் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வடிவம், 34 அங்குலத் தந்தி நீளம், திருகுகளால் பிணைத்த மேப்பிள் கழுத்து, ரோஸ்வுட் விரல்பலகை, தலைப்பகுதியில் சுருதி சேர்க்க பழைய பாணியிலான கனத்த ட்யூனிங் திருகுகள். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதங்களுக்கு முன் ஃபிளாட்வவுண்டை (வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகளை) கழற்றி ரவுண்ட்வவுண்ட் (உருண்டைச் சுற்றுத் தந்திகள்) மாட்டியபோதுதான் கவனித்தேன். முன்பும் இருந்திருக்கலாம், அந்த மங்கலான ஒலியில் தெரிந்திருக்காது.

இரண்டு செட் புதுத் தந்திகள் மாற்றிவிட்டேன். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தேன். தந்தி உயரத்தைக் கூட்டினேன், தந்தியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்பைத் தாழ்த்தினேன், கழுத்துத் திருகுகளை மீண்டும் இறுக்கினேன். விரல்பலகையில் மேடு எதுவும் இல்லை. ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் இதே கதைதான்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் பலன் கிடைத்தது: கழுத்தின் தலைப்பகுதியில் சிறு கிளாம்ப் ஒன்றைப் பொருத்தியதும் சி ஷார்ப் உயிர்பெற்றது, ஆனால் பக்கத்திலுள்ள சி அடங்கிவிட்டது. ஆக, கழுத்தின் அதிர்வுதான் ஒலியை விழுங்குகிறது என்று நினைக்கிறேன். கருவியை மாற்றும் எண்ணம் இல்லை, மனம் ஒட்டிவிட்டது.

இத்தகைய கழுத்தில் கனத்த ட்யூனிங் திருகுகளை எடுத்துவிட்டு இலகுவானவற்றைப் பொருத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அடங்கும் இடம் எந்தச் சுரத்துக்கு நகர்ந்தது?