ஏற்றத்தில் மின்சார டர்ட் பைக் நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

மேல்பத்தி:
வணக்கம். ஏற்காட்டில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்காக வாங்கிய மின்சார டர்ட் பைக், செங்குத்தான ஏற்றத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் ஓடுகிறது. பேட்டரியில் 40 சதவீதம் மீதம் இருக்கும்போதே இப்படி ஆகிறது. நானும் பொறியாளன்தான், கட்டடத் துறை. ஃபியூஸ், வயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நாளை காலை பறிப்புக்கு ஆட்கள் வருவதால் விரைவாகச் சொல்லுங்கள்.

வோல்ட்மீட்டர்:
பேட்டரி 60 வோல்ட்டா, 72 வோல்ட்டா? வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? நிற்கும்போது திரையும் சேர்ந்து அணைகிறதா, அல்லது திரை எரிந்துகொண்டிருக்க மோட்டார் மட்டும் நிற்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எதையும் சொல்ல இயலாது.

சேற்றுப்பாதை:
இது ஹால் சென்சார், அதாவது மோட்டார் சுழலும் நிலையை அறியும் உணரி, அதன் கோளாறேதான். மோட்டாருக்குள் இருக்கும் மூன்று சென்சார்களில் ஒன்றுக்குப் போகும் கம்பி அதிர்வில் விட்டுவிட்டுத் தொட்டாலும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் குழம்பிவிடும். எனக்குச் சென்ற மழைக்காலத்தில் இதே அனுபவம் நேர்ந்தது.

பல்சக்கரம்:
பின் ஸ்பிராக்கெட்டை, அதாவது பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை, மாற்றுங்கள். 48 பல் இருந்தால் 54 போடுங்கள். அதே ஏற்றத்துக்கு மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 11 சதவீதம் குறையும். வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால் சுருளில் உண்டாகும் சூடு 21 சதவீதம் குறையும். உச்ச வேகம் சற்றுக் குறைவதைப் பற்றித் தோட்டத்துக்குள் யாருக்குக் கவலை?

பழைய பணிமனை:
கட்டடப் பொறியாளர்கள் ஃபியூஸைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில் எனக்கு வியப்பில்லை. தம்பி, திரையில் தெரியும் சதவீதம் என்பது பெட்ரோல் டாங்கில் குச்சி விட்டுப் பார்க்கிற அளவு அன்று. அது ஒரு கணக்கு, பல வண்டிகளில் மோசமான கணக்கு. உங்கள் பேட்டரி செத்துவிட்டது. புதிது வாங்குங்கள். இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்பதைத் தேடிப் படித்திருக்கலாம்.

மேல்பத்தி:
72 வோல்ட், இரண்டு ஆண்டுகள். திரையும் அணைகிறது. முழு ஆக்ஸிலேட்டரில் ஏறும்போது மட்டும்தான். வண்டி நின்ற பிறகு மல்டிமீட்டரில் 73 வோல்ட் வருகிறது, ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

சேற்றுப்பாதை:
அப்படியென்றால் பேட்டரி இல்லை, சென்சார்தான். பல்சக்கரம் சொல்வதுபோலச் சூடு காரணமாக இருந்தால் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமே தவிர, பட்டென்று நிற்காது.

பல்சக்கரம்:
மெதுவாக ஏறினால் மோட்டாருக்கு நல்லது என்று போன மாதம் எழுதியவர் வெப்பத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஏற்றம் கேட்பது முறுக்குவிசையை. அது வேகம் குறைந்தாலும் குறையாது. மெதுவாக ஏறினால் அதே சூட்டை மோட்டார் கூடுதல் நேரம் தாங்க வேண்டும்.

சேற்றுப்பாதை:
150 கிலோ எடை, நூற்றுக்கு இருபது ஏற்றம், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏறுவதற்குத் தேவை ஏறக்குறைய 800 வாட்தான். வேகத்தை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். நான் சொன்னது இதைத்தான்.

வோல்ட்மீட்டர்:
மெதுவாக ஏறுவது பற்றி நீங்கள் இருவரும் சொல்வது சரி. பல்சக்கரம் முறுக்குவிசையைத் தரும் மோட்டாரின் மின்னோட்டத்தைப் பேசுகிறார், சேற்றுப்பாதை வாட்டைத் தரும் பேட்டரியின் மின்னோட்டத்தைப் பேசுகிறார். இங்கே திரையும் அணைவதால் பெரும்பாலும் துண்டிப்பது பிஎம்எஸ்தான், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை.

நின்ற பிறகு அளந்த 73 வோல்ட் எதையும் நிரூபிக்காது. 72 வோல்ட் பேட்டரி என்பது வழக்கமாக 20 செல் தொகுதிகள் தொடராக இணைந்தது. 73 என்றால் தொகுதிக்குச் சுமார் 3.65 வோல்ட். 120 ஆம்பியர் ஓடும்போது, 4 மில்லிஓம் மின்தடை உள்ள நல்ல தொகுதி 3.17-க்கு இறங்கும்; ஒரே ஒரு தொகுதிக்கு 7 மில்லிஓம் இருந்தால் அது 2.81-க்கு விழும். மொத்தம் அப்போதும் 63 வோல்ட் இருப்பதால் கன்ட்ரோலருக்குக் குறை தெரியாது. ஆனால் பிஎம்எஸ் ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே பார்ப்பதால், தன் எல்லையைத் தொட்ட ஒன்றுக்காக முழுப் பேட்டரியையும் அணைத்துவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் எல்லாம் 3.65-க்குத் திரும்பிவிடும், அளப்பவருக்கு ஒன்றும் அகப்படாது.

கைபேசியில் பிஎம்எஸ் செயலியைத் திறந்து, தொகுதி வோல்டேஜ் பக்கத்தைப் பதிவு செய்தபடியே ஒரு முறை ஏறிப் பாருங்கள். ஓய்விலும் ஒரு தொகுதி தாழ்ந்திருந்தால் அதில் செல் கழன்றிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். ஓய்வில் சமமாகவும் சுமையில் மட்டும் தாழ்வாகவும் இருந்தால் செல்களை இணைக்கும் உலோகப் பட்டையில் விரிசலோ தளர்வோ இருக்க வாய்ப்பு அதிகம். கூடுதலான அந்த 3 மில்லிஓமில் 120 ஆம்பியர் ஓடினால் ஓரிடத்திலேயே 43 வாட் சூடு உண்டாகும், அலட்சியம் வேண்டாம். நீங்களே பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்: 60 வோல்ட் டிசியைத் தாண்டினாலே வாகனத் தரங்கள் அதை ஆபத்தான மின்னழுத்தமாகக் கொள்கின்றன, உங்களுடையது முழு சார்ஜில் 84. நாளைய வேலைக்கு வேறு வண்டியைப் பாருங்கள்.

பழைய பணிமனை:
இவ்வளவு நீளமாக எழுதியும் முடிவு பேட்டரிதானே?

மேல்பத்தி:
தாமதத்துக்கு மன்னிக்கவும், பறிப்பு முடிய ஒன்பது நாட்கள் ஆகிவிட்டன. ஓய்வில் எல்லாம் 3.64, ஏற்றத்தில் 14-ஆவது தொகுதி மட்டும் 2.79, மற்றவை 3.15-க்கு மேல். விற்றவர்களிடம் அந்தப் பதிவைக் காட்டினேன், திறந்து பார்த்துவிட்டு ஒரு பட்டை கருகியிருந்ததாகச் சொன்னார்கள். சரிசெய்து தந்துவிட்டார்கள், இப்போது நிற்பதில்லை. நன்றி.

வோல்ட்மீட்டர்:
பட்டையைப் புதிதாக வெல்டு செய்தார்களா, பழையதன்மேல் ஈயம் வைத்தார்களா? இப்போது சுமையில் 14-ஆவது தொகுதி எவ்வளவு காட்டுகிறது?

பழைய பணிமனை:
பேட்டரி என்று முதல் நாளே சொன்னவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வோல்ட்மீட்டர்:
புதிது வாங்கச் சொன்னவரும் நீங்கள்தான் ஐயா. மேல்பத்தி, அந்த அளவை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.